லாக் பதிவைப் படித்து ஆழ்துளைக் கிணற்றை வடிவமைத்தல்: வடாற்காட்டுப் பாறைக்கும் பாலாற்று மணலுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்கள் துளை போட்டு முடித்தவுடன் குழாயை இறக்கிவிடுவதில்லை. முதலில் கருவியைக் கம்பியில் கட்டித் துளைக்குள் அனுப்பி, ஒவ்வொரு ஆழத்திலும் பாறையின் மின்தடை, கதிர்வீச்சு, துளையின் விட்டம் ஆகியவற்றைப் பதிவு செய்கிறார்கள். இதுவே லாக் பதிவு. எந்த அடுக்கைத் திறந்துவிடுவது, எதைச் சிமென்ட் வைத்து அடைப்பது என்பதை அந்தப் பதிவைப் படித்த பிறகே முடிவு செய்கிறார்கள். 1927ஆம் ஆண்டு செப்டம்பரில் பிரான்சின் பெஷல்பிரான் எண்ணெய் வயலில் ஷ்லும்பெர்ஜே சகோதரர்களின் குழு எடுத்த முதல் மின்தடைப் பதிவிலிருந்து இந்த முறை வளர்ந்தது. அதே கருவிகளின் எளிய வடிவங்கள் தண்ணீர்க் கிணறுகளுக்கும் உண்டு. மத்திய நிலத்தடி நீர் வாரியம் போன்ற அமைப்புகள் அவற்றை நீண்ட காலமாகப் பயன்படுத்தி வருகின்றன. ஆனால் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் தனியார் போடும் போர்களில் பெரும்பாலானவை இன்றும் எத்தனை அடி, எத்தனை அங்குலத் தண்ணீர் என்ற இரண்டு எண்களை மட்டும் வைத்தே முடிக்கப்படுகின்றன.

பழைய வடாற்காட்டில் இது வெறும் பணச் சிக்கல் அல்ல. வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை வட்டாரங்களில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவால் மேல்மட்ட நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பேறிக் கிடக்கிறது. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் தீர்ப்பளித்து, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை நிலைநாட்டியதும் இந்த நிலத்தின் தண்ணீருக்காகத்தான். இப்படிப்பட்ட மண்ணில் பாறையின் மேல் வெடிப்பையும் (நீர் வரும் விரிசலையும்) கீழ் வெடிப்பையும் ஒரே துளையில் திறந்துவிட்டால், அந்தத் துளையே கெட்ட நீர் கீழே இறங்கும் வழியாகிவிடும். எந்த மட்டத்தில் தண்ணீரை உள்ளே விடுவது, எந்த மட்டத்தில் தடுப்பது என்பதே கிணற்று வடிவமைப்பின் முதல் கேள்வி என்று நான் கருதுகிறேன். அதற்கு லாக் பதிவைத் தவிர நம்பகமான விடை வேறு இல்லை.

துளை போடும்போதே தொடங்கும் பதிவு

கருவி வருவதற்கு முன்பே பாதி வேலை போர் வண்டியின் அருகில் நடக்க வேண்டும். பத்து அடிக்கு ஒரு முறை வெளிவரும் தூளை எடுத்து, ஆழம் எழுதிய பையில் போட்டு வரிசையாக வையுங்கள். தூளின் நிறம் பழுப்பிலிருந்து சாம்பலுக்கு மாறும் இடம், சிதைவுப் பாறை முடிந்து கெட்டிப் பாறை தொடங்கும் இடமாகும். ஒவ்வொரு ராடும் (துளையிடும் இரும்புத் தண்டும்) இறங்க எடுத்துக்கொண்ட நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கெட்டிப் பாறையில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்த ராடு சட்டென்று இறங்கினால் அங்கே வெடிப்பு இருக்கக்கூடும்.

தண்ணீர் அளவைப் பற்றி ஒரு தவறான எண்ணம் ஊர்தோறும் இருக்கிறது. வெளிவரும் நீரை ஓடவிட்டு அதன் உயரத்தை அளக்கும் 'வி' வடிவ வெட்டுள்ள பலகையில் 2 அங்குலம் என்பது 1 அங்குலத்தின் இரு மடங்கு அன்று. 90 பாகைக் கோணமுள்ள பலகையில் நீரின் ஓட்டம், உயரத்தின் 2.5ஆம் அடுக்குக்கு (power) ஏற்ப உயரும். ஆகவே 1 அங்குலம் என்பது நிமிடத்துக்கு ஏறத்தாழ 8.5 லிட்டர், 2 அங்குலம் 48 லிட்டர், 3 அங்குலம் 133 லிட்டர். 100 அடியில் 1 அங்குலமும் 210 அடியில் 2 அங்குலமும் வந்தால், மொத்த நீரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இரண்டாவது வெடிப்பிலிருந்து வருகிறது என்று பொருள். இந்தக் கணக்கைத் துளை போடும்போதே எழுதி வைத்தால், பின்னர் லாக் பதிவோடு ஒப்பிட அது பெரிதும் உதவும்.

ஆழ அளவில் ஒரே தொடக்கப் புள்ளியைப் பயன்படுத்துங்கள். போர்க்காரர் ராடு எண்ணி அடியில் சொல்வார். லாக் கருவி மீட்டரில் காட்டும். ஒருவர் தரைமட்டத்திலிருந்தும் மற்றவர் கேசிங் (துளை சரியாமல் இருக்க இறக்கும் உறைக்குழாய்) விளிம்பிலிருந்தும் அளந்திருப்பார். இந்தக் குழப்பத்தால் அடைக்க வேண்டிய வெடிப்பு அடைப்புக்கு வெளியே நின்றுவிடக்கூடும். எல்லா அளவும் தரைமட்டத்திலிருந்து, மீட்டரில் என்று முதல் நாளே முடிவு செய்துவிடுங்கள்.

எந்தக் கருவியை எந்த வரிசையில் இறக்குவது

மின்தடைக் கருவி வேலை செய்யத் துளையில் நீர் இருக்க வேண்டும், கேசிங் இருக்கக் கூடாது. இரும்புக் கேசிங்கும் பிவிசி கேசிங்கும் அதை மறைத்துவிடும். பாறையின் இயல்பான கதிர்வீச்சை அளக்கும் காமாக் கதிர்ப் பதிவு மட்டும் கேசிங்கின் ஊடாகவும் கிடைக்கும், நீர் இல்லாத பகுதியிலும் கிடைக்கும். எனவே, மேல்மண் சரியாமல் நிற்கும் இடங்களில், முதலில் 4½ அங்குல முன்னோட்டத் துளை போட்டு, லாக் எடுத்து, அதன் பிறகு அகலப்படுத்திக் கேசிங் இறக்குவதே சிறந்த வழி. மண் சரியும் இடத்தில் வேறு வழியின்றி மேற்பகுதிக்குக் கேசிங் போட்டுவிட்டால், அந்தப் பகுதிக்குக் காமாப் பதிவையும் தூள் மாதிரிகளையும் மட்டுமே நம்ப வேண்டியிருக்கும்.

துளையைக் காற்றடித்துக் கழுவிய பின் நீர்மட்டம் ஏறி நிலைபெறும் வரை காத்திருங்கள். முதலில் இறக்க வேண்டியது நீரின் வெப்பநிலையையும், உப்பு கூடக் கூட உயரும் மின்கடத்துத்திறனையும் அளக்கும் கருவி. அதை மேலிருந்து கீழாக மெதுவாக இறக்கியபடியே பதிவு செய்ய வேண்டும். வேறு எந்தக் கருவி முன்னால் போனாலும் துளை நீர் கலங்கி இந்தப் பதிவு பயனற்றுப் போகும். அதன் பிறகு விட்டமானி, காமா, மின்தடை ஆகியவற்றை அடியிலிருந்து மேலே இழுத்துக்கொண்டே பதிவு செய்யலாம். வாய்ப்பிருந்தால், சிறிய மோட்டார் ஒன்றை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே தொங்கவிட்டுக் குறைந்த அளவில் இறைத்தபடி, மின்கடத்துத்திறன் பதிவை இன்னொரு முறை எடுங்கள். இந்த இரண்டாம் பதிவு தரும் தகவல் மற்ற எல்லாவற்றையும் விட மதிப்புமிக்கது என்பதைக் கீழே உள்ள எடுத்துக்காட்டில் காணலாம்.

பாறைப் பகுதியில் பதிவைப் படித்தல்

நம் மாவட்டங்களின் பெரும்பகுதி நைஸ், சார்னோகைட், கிரானைட் போன்ற பழம்பாறைகளால் ஆனது. ஏலகிரியில் சையனைட் (syenite) என்னும் பாறையும், ஆங்காங்கே பாறைகளைக் குறுக்காக வெட்டிச் செல்லும் டோலரைட் சுவர்களும் உண்டு. இவற்றுக்குள் நீர் இருக்கும் இடம் இரண்டு: மேலே உள்ள சிதைவுப் பகுதி, அதன் கீழே உள்ள வெடிப்புகள். சிதைவுப் பகுதி நீரைச் சேமிக்கிறது. வெடிப்புகள் அதைக் கொண்டுவருகின்றன.

மின்தடைப் பதிவில், நீர் நிறைந்த சிதைவுப் பகுதி பெரும்பாலும் சில பத்து ஓம்-மீட்டர் அளவில் இருக்கும். கெட்டிப் பாறை ஆயிரத்தைத் தாண்டும். கெட்டிப் பாறையின் நடுவே மின்தடை சட்டென்று குறையும் இடத்தை வெடிப்பு என்று சந்தேகிக்கலாம். இங்கே கருவியின் இயல்பை அறிந்திருக்க வேண்டும். 16 அங்குல இடைவெளிக் கருவி துளைக்கு அருகிலும், 64 அங்குல இடைவெளிக் கருவி துளையிலிருந்து தள்ளியும் பார்க்கிறது. ஆனால் 64 அங்குலக் கருவியில் ஒரு கையகல வெடிப்பும் ஒன்றரை மீட்டருக்கு மேற்பட்ட பள்ளமாகத் தெரியும். அந்தப் பள்ளத்தின் அகலத்தை வெடிப்பின் அகலமாக எடுத்துக்கொண்டு வடிகட்டிக் குழாயின் (நீரை உள்ளே விடும் துளைகள் உள்ள குழாயின்) நீளத்தை முடிவு செய்பவர்கள் ஏமாறுவார்கள். பள்ளத்தின் நடுப்புள்ளியை மட்டும் ஆழமாகக் கொண்டு, மீதியை விட்டமானியிடம் கேளுங்கள்.

காமாப் பதிவை இங்கே மிகுந்த கவனத்துடன் படிக்க வேண்டும். ஆற்று மணலிலும் படிவுப் பாறையிலும் காமா அளவு கூடினால் களிமண் என்று சொல்லிவிடலாம். நம் பாறையில் அப்படிச் சொல்ல முடியாது. பொட்டாசியம் மிகுந்த கிரானைட்டும் பெக்மடைட்டும் களிமண் இல்லாமலே உயர்ந்த காமாவைத் தரும்; டோலரைட் பொதுவாகக் குறைந்த காமாவைத் தரும். ஆகவே காமா உயர்ந்து மின்தடையும் உயர்ந்திருந்தால் அது பாறை மாற்றம். காமா உயர்ந்து, மின்தடை குறைந்து, விட்டமும் பெருத்திருந்தால் சிதைந்த பொருள் நிரம்பிய வெடிப்பாக இருக்க வாய்ப்புண்டு.

விட்டமானியில் துளை பெருத்துத் தெரிவதாலேயே அங்கே தண்ணீர் வருகிறது என்று முடிவு செய்யக் கூடாது. நீர் நுழையும் இடத்தில் மின்கடத்துத்திறன் அல்லது வெப்பநிலைக் கோடு உடைந்து வேறு மதிப்புக்கு மாறும். இரண்டு வெடிப்புகளுக்கு இடையே வெப்பநிலை ஆழத்தோடு உயராமல் ஒரே அளவில் நின்றால், ஒரு வெடிப்பிலிருந்து மற்றொன்றுக்குத் துளை வழியாக நீர் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். மோட்டார் ஓடாத நேரத்திலும் இது நடக்கும்.

ஒரு முழு எடுத்துக்காட்டு

ஆம்பூர்ப் பக்கம் 150 மீட்டர் ஆழத்துக்குப் போடப்பட்ட 6½ அங்குலத் துளை ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். கேசிங் 18 மீட்டர் வரை; நிலைத்த நீர்மட்டம் 15 மீட்டர். விட்டமானியில் 31, 64, 118 மீட்டர் ஆகிய மூன்று இடங்களில் துளை பெருத்திருக்கிறது. மின்தடையும் மூன்று இடங்களிலும் குறைகிறது. இறைத்தபடி எடுத்த மின்கடத்துத்திறன் பதிவை அடியிலிருந்து மேல்நோக்கிப் படித்தால், 118இல் எந்த மாற்றமும் இல்லை. 64க்கு மேலே சென்டிமீட்டருக்கு 1,300 மைக்ரோ சீமென்ஸ். 31க்கு மேலே 2,200. மோட்டாரை நிறுத்திவிட்டு 31 மீட்டரில் எடுத்த நீர் மாதிரி 4,200 காட்டுகிறது.

118 மீட்டர் வெடிப்பு வறண்டது அல்லது அடைபட்டது. நீர் வருவது மற்ற இரண்டிலிருந்துதான். மேல் வெடிப்பின் பங்கைக் கணக்கிட, கலவை மதிப்பிலிருந்து நல்ல நீரின் மதிப்பைக் கழித்து, இரண்டு நீர்களின் வேறுபாட்டால் வகுக்க வேண்டும்: 2,200இலிருந்து 1,300 போக 900, 4,200இலிருந்து 1,300 போக 2,900, 900ஐ 2,900ஆல் வகுத்தால் 0.31. அதாவது மொத்த நீரில் 31 விழுக்காடு மட்டுமே கெட்ட வெடிப்பிலிருந்து வருகிறது. மின்கடத்துத்திறனை 0.64ஆல் பெருக்கினால் கரைந்த உப்புகளின் அளவு தோராயமாகக் கிடைக்கும் என்ற கணக்கில், இப்போதுள்ள கலவை லிட்டருக்கு ஏறத்தாழ 1,400 மில்லிகிராம். மேல் வெடிப்பை அடைத்தால் அது 830 ஆகக் குறையும். குடிநீருக்கான இந்தியத் தரம் 500 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத நிலையில் 2,000 வரையும் அனுமதிக்கிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான நீரை இழந்து இந்த அளவு தரத்தைப் பெறுவது நல்ல பேரம் என்பதே என் தீர்ப்பு. குரோமியம் போன்றவற்றை லாக் காட்டாது என்பதால், அடைத்த பிறகும் ஆய்வகச் சோதனை கட்டாயம் வேண்டும்.

அடைப்பை எங்கே வைப்பது? 31 மீட்டருக்குக் கீழே, 64க்கு வெகு மேலே, துளை வழுவழுப்பாகவும் சரியான விட்டத்தோடும் இருக்கும் இடத்தை விட்டமானியில் தேடுங்கள். அப்படி ஓர் இடம் 38 முதல் 40 மீட்டருக்குள் கிடைத்தால், துளையை அந்த ஆழம் வரை அகலப்படுத்திக் கேசிங்கை அங்கே உட்கார வைத்து, சுற்றியுள்ள இடைவெளியைச் சிமென்ட் பால் கொண்டு அடைக்க வேண்டும். கேசிங்கைச் சுற்றிலும் 2 அங்குல இடைவெளி இருந்தால் அடைப்பு உறுதியாக இருக்கும். 50 கிலோ மூட்டைக்கு 25 முதல் 27 லிட்டர் தண்ணீர் சேர்த்து, சிறு குழாய் வழியாக அடியிலிருந்து மேலே நிரப்புங்கள். மேலிருந்து கொட்டினால் நடுவில் வெற்றிடங்கள் நிற்கும். சிமென்ட் இறுகும்போது வெளிவரும் வெப்பம் பிவிசி குழாயை இளக்கக்கூடும் என்பதால் ஒரே மூச்சில் ஊற்றாமல் பகுதி பகுதியாக நிரப்புவது நல்லது. குழாய் ஐஎஸ் 12818 தரத்துக்கு உட்பட்டதா என்று வாங்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

மோட்டாரின் இடத்தையும் இந்தப் பதிவே சொல்லிவிடுகிறது. நீர் தரும் வெடிப்பு 64 மீட்டரில் இருப்பதால், இறைக்கும்போது நீர்மட்டம் அதற்குக் கீழே போகவே கூடாது. போனால் வெடிப்பிலிருந்து நீர் அருவியாக விழுந்து காற்றும் கலக்கும். வெடிப்பின் வாயில் உப்பும் இரும்பும் படிந்து நாளடைவில் வரத்துக் குறையும். இறைப்பு நீர்மட்டத்துக்கு 55 மீட்டர் எல்லை வைத்து, பம்பின் உறிஞ்சுவாயை 60 மீட்டரில் நிறுத்தலாம். அப்போது 64இலிருந்து மேலேறும் நீர் மோட்டாரைத் தழுவிக்கொண்டு செல்வதால் மோட்டார் தானே குளிரும். நீர் வரும் வெடிப்புகள் எல்லாம் மோட்டாருக்கு மேலே இருக்கும் கிணறுகளில் இந்தக் குளிர்ச்சி கிடைக்காது. அங்கே மோட்டாரைச் சுற்றி உறை போட வேண்டும். இறைக்கும் அளவும் இந்த 55 மீட்டர் எல்லைக்கு உட்பட்டே முடிவாக வேண்டும். வண்டிக்காரர் சொன்ன அங்குலத்தை வைத்து குதிரைத்திறனைத் தேர்ந்தெடுப்பது தலைகீழான வேலை.

இந்தத் துளையின் கடைசி 80 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் ஒரு சொட்டும் தரவில்லை என்பதையும் கவனியுங்கள். இதே தெருவில் அடுத்த போர் போடுபவருக்கு இந்தப் பதிவு பெரும் பணத்தை மிச்சப்படுத்தும்.

பாலாற்று மணலில் வேறு கணக்கு

பாலாறு மேலே ஆண்டின் பெரும்பகுதி வறண்டு தெரிந்தாலும், மணலுக்கு அடியில் நீர் ஓடுகிறது. ஆற்றை ஒட்டிய வண்டல் பகுதியில் சேற்று நீர் ஓட்டித் துளை போடும்போது, கேசிங்குக்கு முன் லாக் எடுப்பது எளிது. முதலில் அந்தச் சேற்று நீரின் மின்தடையை அளந்து எழுதுங்கள். துளையில் தானாக எழும் மின்னழுத்தத்தைக் காட்டும் தன்மின்னழுத்தப் பதிவு, சேற்று நீருக்கும் மணல் நீருக்கும் உள்ள உப்பு வேறுபாட்டால்தான் உருவாகிறது. மணலில் உள்ள நீர் சேற்று நீரை விட உப்பாக இருந்தால் கோடு எதிர்ப்பக்கம் (மைனஸ்) சாயும். நன்னீராக இருந்தால் நேர்ப்பக்கம் (பிளஸ்) சாயும். இரண்டும் ஒன்றாக இருந்தால் மணல் இருந்தும் கோடு அசையாது.

குறைந்த மின்தடை களிமண்ணாலும் வரலாம், உப்பு நீராலும் வரலாம். நம் பகுதியில் இந்த இரண்டையும் பிரிப்பதே முக்கியம். காமா கூடுதலாக இருந்தால் களிமண். குறைவாக இருந்தால் கெட்ட நீர் நிரம்பிய மணல். 1942இல் எண்ணெய்த் துறைப் பொறியாளர் ஆர்ச்சி வெளியிட்ட தொடர்பின்படி, களிமண் இல்லாத மணலின் மின்தடையை அதிலுள்ள நீரின் மின்தடையால் வகுத்தால் அந்த மணலுக்குரிய ஒரு காரணி கிடைக்கும். அருகிலுள்ள கிணற்று நீரை அளந்து இந்தக் காரணியை உங்கள் மணலுக்கே கண்டுபிடியுங்கள். எண்ணெய் வயல் எண்களை அப்படியே எடுத்தாள வேண்டாம். காரணி 5 என்று வைத்துக்கொண்டால், 40 ஓம்-மீட்டர் காட்டும் மணலில் நீரின் மின்தடை 8. அது 1,250 மைக்ரோ சீமென்ஸ், ஏறத்தாழ 800 மில்லிகிராம் உப்பு. 10 ஓம்-மீட்டர் காட்டும் மணலில் நீரின் மின்தடை 2. அது 5,000 மைக்ரோ சீமென்ஸ், 3,200 மில்லிகிராம். முதல் மணலுக்கு எதிரே வடிகட்டிக் குழாய். இரண்டாவதற்கு எதிரே வெறும் குழாயும் களிமண் அல்லது சிமென்ட் அடைப்பும்.

வடிகட்டியின் நீளத்தை நீர் நுழையும் வேகத்தைக் கொண்டு கணக்கிடலாம். அந்த வேகம் நொடிக்கு 3 சென்டிமீட்டரைத் தாண்டாமல் இருப்பது நல்லது. நொடிக்கு 10 லிட்டர் வேண்டுமானால் 0.33 சதுர மீட்டர் திறப்பு தேவை. 200 மில்லிமீட்டர் விட்டமும் 10 விழுக்காடு திறப்பும் உள்ள குழாயில் அதற்கு 5.3 மீட்டர் நீளம் ஆகும். திறப்பில் பாதி நாளடைவில் அடைபடும் என்று கொண்டு 10 முதல் 11 மீட்டர் வையுங்கள். சுற்றி நிரப்பும் கூழாங்கல்லின் சராசரி அளவு மணலின் சராசரி அளவைப் போல் 4 முதல் 6 மடங்கு இருக்க வேண்டும். வடிகட்டியின் துளை, அந்தக் கூழாங்கல்லில் 90 விழுக்காட்டையாவது தடுத்து நிறுத்துவதாக இருக்க வேண்டும்.

முடித்த பிறகு சரிபார்த்தல்

மூன்று அல்லது நான்கு படிகளாக இறைப்பு அளவைக் கூட்டி, ஒவ்வொரு படியிலும் நீர்மட்டம் எவ்வளவு இறங்குகிறது என்று குறியுங்கள். இறைப்பை நிறுத்திய பின் மட்டம் ஏறும் வேகத்தையும் எழுதுங்கள். வெளிவரும் நீரின் மின்கடத்துத்திறன் நீங்கள் கணித்த அளவுக்கு அருகில் இருந்தால் அடைப்பு சரியாக உட்கார்ந்திருக்கிறது. கணித்ததை விடக் கூடுதலாக இருந்து, இறைக்க இறைக்க மேலும் ஏறினால், கேசிங்கின் அடிவழியாக மேல்நீர் ஒழுகுகிறது. அப்படியானால் போர்வெல் கேமராவை இறக்கிக் கேசிங் அமர்ந்த இடத்தைப் பார்த்து, மறுபடி அடைக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்குப் பின் ஒரு முறையும் மே மாதத்தில் ஒரு முறையும் நீர்மட்டத்தையும் மின்கடத்துத்திறனையும் அளந்து அதே தாளில் சேருங்கள். கோடையில் நிலைத்த நீர்மட்டமே இறங்கிவிடும் என்பதால், இறைப்பு அளவைக் குறைத்து அந்த 55 மீட்டர் எல்லையைக் காக்க வேண்டியிருக்கும். பயன்படாமல் போன பழைய துளை அதே நிலத்தில் இருந்தால், மேல் வெடிப்பின் ஆழத்துக்குக் கீழே தொடங்கித் தரைமட்டம் வரை சிமென்ட் அல்லது களிமண்ணால் அதை நிரப்பி மூடுங்கள். குழந்தைகள் விழுவதைத் தடுக்க 2010இல் உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிமுறைகளும் கைவிட்ட துளைகளை நிரப்பச் சொல்கின்றன. வாய்க்கு மட்டும் மூடி போட்டு விட்டுவிட்டால், புதுத் துளையில் நீங்கள் அடைத்த அதே நீர் பழைய துளை வழியாகக் கீழ் வெடிப்புக்கு இறங்கிக்கொண்டே இருக்கும்.